ஏரிநாட்டில் படகுக் கூலி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம். மறைமலை நகர் ஆபீசுக்கு லீவு சொல்லியாச்சு. காரணம்: காய்ச்சல். உண்மை: ஏரிநாடு.

பதிப்பாளர் கார்த்திக் (இனி கா.) போன். என் ஏரிநாடு விளையாட்டுப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு போடத் தயாராம். ஒரே நிபந்தனை, தொனி மாற வேண்டும். நானே ஸ்பைரல் போட்ட முதல் பதிப்பு ரொம்பச் சிரிப்பு. இப்போது விளையாடுகிறவர்களுக்கு இருட்டு வேண்டுமாம், திகில் வேண்டுமாம். "மேடம், உங்க ஏரி தெய்வம் வரம் குடுக்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேக்குது. யார் பயப்படுவாங்க?"

யார் பயப்பட மாட்டார்கள்? ஒரிஜினலும் கொண்டு வா என்று அடுத்த வரியில் கேட்கிறது. பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி சரி என்றேன்.

ஞாயிறு பெருங்களத்தூரில் கா. வீட்டு மாடியில் நாலு பேருக்கு விளையாடிக் காட்ட வேண்டும். அதில் கா.வும் ஒருத்தர். பிடித்தால் புத்தகம். பிடிக்காவிட்டால் பத்து வருஷ ஏரிநாடு, பீரோவில் கிடக்கும் ஸ்பைரல் பிரதிகளோடு சரி.

அம்மா மறுபடியும்: அது என்னடி விளையாட்டு? மறுபடியும் விளக்கினேன். மேஜையைச் சுற்றி உட்கார்வோம். ஆளுக்கொரு வேஷம். நான் கதை சொல்வேன், அவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், அது பலிக்குமா என்று பகடை சொல்லும்.

"சரி, யார் ஜெயிப்பா?"

யாரும் இல்லை என்றேன். குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. பதினொன்று வரை கரண்ட்டும் இல்லை.

மாற்ற வேண்டியவை:
ஏரி தெய்வம் – ஜெராக்ஸ் வேண்டாம், ரத்தம்.
தவளை மந்திரிகள் – நிழல் மந்திரிகள்.
ராஜாவின் மாமியார் – சபையில் மூக்குப்பொடி போடக் கூடாது.
படகுக் கூலி – எடுத்துவிடு.
துணிக் கிளிப் வாங்கணும்.

கூலியை அடிக்க மட்டும் கை வரவில்லை. ஏரிநாட்டில் படகில் ஏறுகிறவர் ஒரு கதை சொல்லிப் படகோட்டியைச் சிரிக்க வைக்க வேண்டும். அதுதான் கூலி. வேஷத்துக்காக இல்லை, விளையாடுகிறவரே நிஜமாகச் சொல்ல வேண்டும். கா. முதலில் வெட்டச் சொன்னதே அதைத்தான்.

படகோட்டி, டில்லி அண்ணன். கோவளம் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். 2015 வெள்ளத்தில் நானும் அம்மாவும் முடிச்சூர் மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தோம். லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து எங்களை மீட்டவர் அவர்தான். இப்போது முடிச்சூர் ரோட்டில் மீன் கடை. சனிக்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து ஏரிநாட்டிலும் படகு ஓட்டுகிறார்.

வெட்டிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நல்ல மழை. இருநூறு பக்கம். ஒவ்வொரு வரியாக யார் திருத்துவது? கம்ப்யூட்டரிடமே விட்டேன். 'சிரித்த' என்று வந்த இடமெல்லாம் 'உறுமிய'. சிரித்தான், சிரித்தாள், சிரித்தார் எல்லாம் அதே மாதிரி. 'தவளை' எல்லாம் 'நிழல்'. அரை மணியில் இரண்டாம் பதிப்பு தயார். என்னை நானே மெச்சிக்கொண்டு நாலு வெங்காய பஜ்ஜி.

நவம்பர் 8, சனி

எங்கள் வீட்டில் ஒத்திகை. டில்லி அண்ணன், ஆபீஸ் திவ்யா. திவ்யா ஏரிநாட்டில் திருடி. புதுப் பிரதியைக் கொடுத்தேன், அவள் சத்தமாகப் படித்தாள்:

"டீக்கடைக்காரர் அன்போடு உறுமினார்."

"பொக்கை வாயோடு உறுமிய குழந்தையை அள்ளி முத்தமிட்டாள்."

"மழை விட்டதும் குட்டையில் நிழல்கள் கத்தத் தொடங்கின."

அதற்கு மேல் படிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நாளைக்குக் காட்ட வேண்டிய திகில் இது. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே.

டில்லி அண்ணன் சிரிக்கவில்லை. தன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, கூலி எங்கே என்று கேட்டார். சொன்னேன். பயமாக இருக்க வேண்டுமாம், அதனால் எடுக்கச் சொன்னார்கள்.

"பயத்துக்குத்தாம்மா அதுவே கீது."

வெள்ளத்தன்று அம்மாவிடம் அவர் கேட்டது நினைவிருக்கிறதா என்றார். எப்படி மறக்கும்? படகில் அம்மா நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். கல்யாணத்தன்று உங்கள் வீட்டுக்காரர் செய்த கூத்து ஒன்றைச் சொன்னால்தான் படகு நகரும் என்றார். தாலி கட்டும் நேரத்தில் அப்பா தூங்கி விழுந்த கதையை அம்மா சொன்னாள். நாங்களும் அதை அவர் குறும்பு என்றே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த விதியே அதிலிருந்து வந்ததுதான்.

"பயந்தவன் எந்திரிச்சு நிப்பாம்மா. நின்னா படகு கவுந்துரும். சிரிக்கிறவன் குந்திக்கினுதான் சிரிப்பான். அவ்ளோதான். அன்னிக்கு நானே பயந்துகினுதான் இருந்தேன்."

பத்து வருஷமாக எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

அவர்கள் போனதும் கூலியைத் திரும்பச் சேர்த்தேன். புதிதாக ஒரு வரி: படகோட்டி சிரிக்காவிட்டால் படகு கவிழும், எல்லோரும் தண்ணீரில். பிறகு உறுமல்களை எல்லாம் மறுபடி சிரிப்பாக்கினேன், நிழல்களை எல்லாம் மறுபடி தவளையாக்கினேன். இப்போது வழிப்போக்கர்கள் ஆலமரத் தவளையில் இளைப்பாறுகிறார்கள். கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! துணி காய்ந்தது. பெருங்களத்தூர் சிக்னலில் இருபது நிமிஷம்.

கா. சேனாதிபதி வேஷம். மேஜையில் திவ்யாவும், கா.வின் நண்பர்கள் இரண்டு பேரும். ஏரி உடைகிறது, கோட்டைக்குள் தண்ணீர், எல்லோரும் படகில். கூலி கேட்டார் டில்லி அண்ணன். திவ்யா, மேனேஜரின் விக் மின்விசிறியில் மாட்டியதைச் சொன்னாள். நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றுக்கும் சிரித்தார்.

கா. முறை. ஏதோ ஜோக்கை ஆரம்பித்து முடிவை மறந்தார். இன்னொன்று, அதுவும் பாதியில். டில்லி அண்ணன் முகம் அப்படியே இருந்தது. மற்ற மூன்று பேரும், சொல்லித் தொலையுங்கள் என்று கா.வைப் பார்த்தார்கள். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. புது வரியைப் படித்தேன். படகு கவிழ்ந்தது.

கா. எப்போது நாற்காலியை விட்டு எழுந்தாரோ, அவருக்கே தெரியவில்லை.

"மேடம், இந்தக் கூலி அப்படியே இருக்கட்டும். அச்சுலயும் இருக்கட்டும். நான் இன்னொரு தடவை ஏறணும்."

டில்லி அண்ணன் அவர் நாற்காலியைத் தட்டினார்.

"மொதல்ல குந்து சார். குந்திக்கினு சொல்லு."