ஏழாம் மனையின் மூலை

திண்டிவனம்
31-7-1940

அன்பு மகன் சவுரிராயனுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ரங்கூனில் மழை என்று எழுதியிருந்தாய், ஈரத் துணியோடு பட்டறைக்குப் போகாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குச் சாமியார் கொடுத்த நிலத்தில் நம் சேரிக்குப் புதுத்தெரு போட நான்தான் பிளான் வரைந்தேன், தெரியும் உனக்கு. நூல் பிடித்த மாதிரி இரண்டு தெரு, மூலையில் சேரும், அகலம் பன்னிரண்டடி, முளையும் அடித்தாயிற்று. ஞாயிறு பூசை முடிந்து, மாதா சப்பரம் தூக்குகிற ராஜாமணி அங்கே வந்து நின்று சிரிக்கிறான். ஓவர்சீயர் மாமா, மாட்டு வண்டி திரும்பும், மாதா எப்படிங்க திரும்புவாங்க, மூலையிலயே எறக்கி வெச்சுட்டு வந்துடலாமா என்றான். சப்பரத்தின் தண்டு இருபத்துநாலடி. பதினைந்து வருஷம் அதைத் தோளில் சுமந்தவன் நான், வண்டியை அளந்தேன், அதை அளக்கவில்லை. ஐம்பது வயசுகூட ஆகவில்லை, அதற்குள் இந்த மறதியா என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு, விழுப்புரத்தில் வண்டி மாறி, பாண்டிச்சேரி போனேன். நேர்த்தெரு ஊராச்சே, அங்கே மூலையை எப்படித் திருப்பியிருக்கிறான் என்று பார்க்கத்தான். எல்லையில் சுங்கக்காரன் என் டேப்பை முழுக்க இழுத்துப் பார்த்து அரை மணி தின்றான். ஊருக்குள் புதிதாய் ஒரு கான்கிரீட் கட்டடம் எழும்புகிறது, சன்னலே கிடையாது, பக்கம் முழுக்கப் பட்டை பட்டையாய்ப் பலகை, திருப்பினால் காற்று வரும், மூடினால் சாரல் வராது. காவலாள் உள்ளே விடவில்லை, கம்பி கட்டுவதைத் தெருவில் நின்றே பார்த்தேன், வேலை சுத்தம். பிறகு தெருத்தெருவாய் மூலைகளை அளந்தேன். யுத்த நேரம், போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு, இன்னாத்துக்குய்யா ஊர அளந்துக்கினு இருக்கே என்றான். மாதாவுக்கு என்றேன். பைத்தியம் என்று விட்டுவிட்டான். அங்கே பல வீடுகளில் மூலைச் சுவரைச் சாய்வாய்ச் சீவியிருக்கிறார்கள், சிலதில் வாசலே அந்தச் சாய்வில் இருக்கிறது. ரயிலிலேயே கணக்குப் போட்டேன், உள்மூலையில் இரு பக்கமும் ஐந்தடி சீவினால் சப்பரம் திரும்பும்.

அந்த உள்மூலை ஏழாம் நம்பர் மனை, குலுக்கலில் உன் பேருக்கு விழுந்தது. அம்மா அழுகிறாள். புள்ள ஊர்ல இல்லாத நேரம் பார்த்து அவன் வீட்டத்தான் வெட்டுவீங்களா, அவனுக்கு வேற மனை மாத்துங்க என்கிறாள். மாற்றினால், கோடு போட்டவன் தன் பிள்ளையைத் தப்பவைத்தான் என்று ஜனங்கள் சொல்வார்கள், அது சரியாகவும் இருக்கும். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், உன் பதில் கப்பலேறி வர அதற்குள் ஆகாது. ஆகையால் நேற்றே முளையைப் பிடுங்கி மாற்றி அடித்தேன். தப்பு என்னுடையது, போவது உன் இடம். திட்டுவதானால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாளாக. ஞாயிறு பூசையை விடாதே. உன் முன்னறைக்கு ஐந்து சுவர் வரும், வாசலைச் சாய்வில் வைப்பதா, தெருப் பக்கம் வைப்பதா, அதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பாமல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன், ஜல்தி எழுது.

உன் அப்பா
அந்தோணிசாமி