டிரேவரின் இடத்துக்கு வந்தவன்

அம்மா, உங்கள் மகன் லாமினின் ஸலாம். இடுப்பு வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

கென்டக்கியில் புதுக் கல்லூரிக்கு மாறிவிட்டேன். இவர்களுடைய கூடைப்பந்து அணியில் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டராக ஆடிய டிரேவர் வேறு கல்லூரி அணிக்குத் தாவிவிட்டதால், அவன் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். நேற்று ரசிகர்கள் விருந்து வைத்தார்கள். கோழி வறுவல் ருசியாகவே இருந்தது. ஆனால் பாதிச் சாப்பாட்டில் என்னை எழுப்பி நிறுத்தி, தபாஸ்கி பண்டிகையில் குர்பானி கொடுக்க நாம் ஆடு பார்ப்போமே, அப்படிச் சுற்றி வந்தார்கள்.

"உயரம் பரவால்ல. இடுப்புதான் ஒல்லி, ஒரு இடி இடிச்சா விழுந்துடுவான்," என்றார் வெர்னன் என்ற பெரியவர்.

"டிரேவர் துரோகிதான், ஆனா பந்தை விடமாட்டான். இவன் முட்டி தாங்குமா?" என்று அவர் மனைவி குனிந்து என் முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

"பல்லையும் பாத்துடுங்க," என்று வாயைத் திறந்தேன்.

"பய நல்லா தமாஷ் பண்றான்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். வெர்னன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து நிஜமாகவே பார்த்தார்.

கவலைப்படாதீர்கள், இது பெரிய விஷயமில்லை. கடைகளில் என் அளவுக்குச் சட்டை கிடைக்கவில்லை. நீங்களே இரண்டு தைத்து அனுப்புங்கள். இங்குள்ள தையற்காரர் அளவெடுக்க என்னைத் தொடுவார், அது வேண்டாம். பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன்.

லாமின்