மிதவைக்குப் போட்ட சங்கிலி

மார்ச் 4
இன்று காலை கடல் ஏறியபோது ஆராய்ச்சிக்காரர்களின் மிதவை மூழ்கிவிட்டது. அதன் அடியில் தொங்கி நீரோட்டத்தில் மின்சாரம் எடுக்கும் சுழலிக்குள் உப்புத் தண்ணீர். மிதவையைக் கடலடியோடு கட்டிய சங்கிலி என் கடைச் சரக்கு. அறவில்லை. அறாததுதான் தப்பாம், குட்டையாகப் போய் மிதவையைக் கீழே இழுத்துவிட்டதாம். சரக்கு உறுதியாக இருந்ததற்காக எனக்கு வந்த முதல் புகார்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்கிற வேலை. ஆழம் அளப்பது ஒரு கோஷ்டி, மிதவை செய்வது இன்னொன்று. அளக்கும் கோஷ்டியில் என் மகள். அதனால்தான் ஆர்டர் எனக்கு வந்தது என்று பேசுவார்கள். அதனால்தான் வந்தது.

மார்ச் 5
மிதவைக் கோஷ்டியின் பேராசிரியை போனில்: "முதலாளி, நீளத்துல கை வச்சிட்டீங்களா?"

"தூக்கி அளந்து பாருங்கம்மா."

திங்கட்கிழமை தூக்குகிறார்கள். படகு என்னுடையது.

மார்ச் 6
மகள் சாப்பிடவில்லை. கேட்டேன்.

"தப்பு என்மேலப்பா. நான் குடுத்த ஆழம் கடல் நல்லா வத்தியிருக்கும்போது உள்ளது. அவங்க நடுமட்டம்னு எடுத்துக்கிட்டாங்க, அதான் சங்கிலி குட்டையாப் போச்சு. எதுலேருந்து அளந்ததுன்னு நான் சொல்லல."

"அவங்க கேக்கலையா?"

"அவங்க எப்பவும் நடுமட்டத்துலேருந்து அளப்பாங்க. நாங்க எப்பவும் வத்து மட்டத்துலேருந்து. எப்பவும் செய்யறதை யாருப்பா எடுத்துச் சொல்லுவா?"

வாராவாரம் கூட்டம் போட்டவர்கள். யாருக்கு டீயில் சர்க்கரை ஆகாது என்பதுவரை தெரியும். ஒருத்தருடைய பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்னொருத்தருக்குத் தெரியாது.

அவள் வேலையை நீட்டிப்பார்களா என்பது இந்த மாதம் முடிவாகும்.

"நீ வாயைத் திறக்காதே. சங்கிலி என் படகுலதானே வரும்? நாலு கண்ணி வெட்டிட்டு, நான்தான் குறைச்சுப் போட்டேன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேப்பா."

அளவு குறைத்தேன் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நானே சொல்ல வந்தேன். வாங்க ஆள் இல்லை.

மார்ச் 7
சங்கிலியைத் தூக்கி என் படகில் கொண்டுவந்தோம். கண்ணி எதையும் வெட்டவில்லை.

மார்ச் 8
அளந்தார்கள், சங்கிலி ஆர்டரில் எழுதிய அதே நீளம். கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், திட்டுவதற்கு. அதற்குள் அவள் எழுந்து பலகையில் இரண்டு கோடு போட்டாள், நடுமட்டம் ஒன்று, வத்து மட்டம் ஒன்று. "நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். அவள் மேலதிகாரி ஜன்னலைப் பார்த்தார். பேராசிரியை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் டீ எடுக்கவில்லை.

வெளியே வந்து கேட்டேன், வேலை?

"போயிடும்னு நினைக்கிறேன்."

என்னத்துக்கு இவளை இவ்வளவு படிக்க வச்சேன்? பேசாம கடையில உக்கார வச்சிருக்கலாம் — கடையிலும் இப்படித்தான் உண்மையைச் சொல்லித் தொலைப்பாள்.

மார்ச் 19
பேராசிரியை நேரில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நானும் கேட்டிருக்கணும் முதலாளி. உங்க பொண்ணு இடத்துல வேற யாராயிருந்தாலும் பழியை உங்க தலையிலயே கட்டியிருப்பாங்க."

"கட்டச் சொன்னேன். கேக்கல."

முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பேரத்துக்கு வந்தோம். முடிந்தது இது: புதுச் சங்கிலி கொள்முதல் விலைக்கு. வண்டிச் செலவு அவர்களுடையது. பழையதை நான் எடுத்துக்கொள்வது. இனி இரண்டு கோஷ்டிக்கும் அளவு சொல்வது ஒரே ஆள் — என் மகள், இரண்டு வருஷத்துக்கு.