சங்கரி பேரில் ஒரு முழுக்கு

விக்கிரமசிங்கபுரம்
2.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து, பழையபடி அடுக்களைக்கு வந்து என் குழம்பில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாம் போனில் பேசும் அழகை நேற்று யோசித்துப் பார்த்தேன். முதலில் அத்தை பேசுவார்கள். மிச்ச நேரத்தில் நீங்கள் "சாப்பிட்டாச்சா" என்பீர்கள், நான் "ஆச்சு" என்பேன். அதைத் தாண்டினால் சண்டை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புங்கள்.

கப்பல் கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றீர்கள். நான் அங்கே வருவதா, நீங்கள் இங்கே திரும்புவதா? இரண்டு வருஷமாகக் கொரியாவில் அந்தப் பூசானில் இருக்கிறீர்கள். ஊர் எப்படி என்று கேட்டால் "குளிருது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் இருக்கக்கூடிய ஊர்தானா என்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள்
சங்கரி


பூசான்
9.3.2025

அன்புள்ள சங்கரி,

நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. கப்பல் பட்டறை, அறை, பால் வாங்கும் கடை, இவற்றைத் தவிர இந்த ஊரில் நான் எதையும் பார்த்ததில்லை. அதனால் இன்று ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழிகாட்டி மின்ஜி என்ற பெண். அவள் கையில் ஒரு மஞ்சள் கொடி. அது போகிற பக்கமெல்லாம் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் பின்னால் போனோம்.

முதலில் ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்க நீலமும் ரோஸும் மஞ்சளும் அடித்த சின்ன வீடுகள். நீ வந்திருந்தால் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாய், பஸ் நம்மை விட்டுவிட்டுப் போயிருக்கும். அடுத்து மீன் சந்தை. எட்டுக்கால் பிராணி ஒன்று தொட்டியை விட்டு இறங்கி என் ஷூவை நோக்கி வந்தது. மதியம் எல்லோரும் அதன் சொந்தக்காரர்களைத்தான் சாப்பிட்டார்கள். நான் கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தோடு ஒதுங்கிவிட்டேன்.

கடைசியில், கடலை ஒட்டிப் பாறைமேல் ஒரு புத்தர் கோவில். அங்கேதான் மானம் போயிற்று. கோவில் இருக்கிறது, கீழேயே கடல் இருக்கிறது. திருச்செந்தூர் போய்ப் பழகிய எனக்குக் குளிக்காமல் உள்ளே போகக் கால் வரவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையிடுக்கில் இறங்கிவிட்டேன். தண்ணீர் குளிரில் வெட்டியது. எனக்கொரு முழுக்கு, அம்மாவுக்கு ஒன்று. உனக்காக முங்கும்போது விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உன் முழுக்கு பாதியில் நிற்கிறது.

மின்ஜி வெலவெலத்துப் போனாள். தற்கொலை என்று நினைத்திருக்கிறாள், பாவம். வர முடியாதவர்களுக்கும் சேர்த்து முங்குவது எங்கள் வழக்கம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவளுடைய துண்டைக் கொடுத்தாள். ஈரத்துக்குப் பயந்து பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த இடம் காலியாக இருந்ததால், வழி நெடுக மனசுக்குள் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன்.

ஊர் நல்ல ஊர்தான். இனி உன் இஷ்டம்.

அன்புடன்
கணேஷ்ராம்


விக்கிரமசிங்கபுரம்
12.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் குளுருல முங்குனானா? தலையத் தொவட்டுனானான்னு கேளும்மா, சளி புடிச்சிருக்கும்லா!" என்று ஒரே புலம்பல். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

செத்துப்போனவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும்தான் இன்னொருவர் முங்குவது. எனக்கு என்ன வந்தது? கை கால் நன்றாகத்தானே இருக்கிறது? என்னை வர முடியாதவள் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

கடிதம் முழுக்கத் தேடினேன். மலை இருக்கிறது, மீன் இருக்கிறது, மின்ஜி இருக்கிறாள். வா என்ற ஒரு சொல்லைக் காணோம்.

என் பள்ளிக்கூட வேலையை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று தெரியும். அதை விடுவதா, லீவு போடுவதா என்பது என் பாடு. கூப்பிடுவது உங்கள் பாடு. வாசலில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு எங்கள் அப்பா அடுத்த தெருவுக்குக்கூடப் போனதில்லை. நான் மட்டும் கடல் தாண்டி எப்படி வருவேன்? "அவன் கூப்பிட்டாம்னா நீ போ, எனக்குக் கோமு இருக்கா" என்று அத்தையே சொல்லிவிட்டார்கள். கோமுச் சித்தி அடுத்த வாரமே பெட்டியோடு வரத் தயார்.

எனக்கு உங்களைத் தேடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வரும்போது தேடுகிறது, அத்தைக்குத் தோசை வார்க்கும்போது தேடுகிறது. உங்களுக்கு எப்படியோ, எனக்குத் தெரியவில்லை.

சங்கரி


பூசான்
13.3.2025

சங்கரி,

வா.

மூன்று தடவை பரீட்சை எழுதி நீ அந்த வேலையை வாங்கியதைக் கூட இருந்து பார்த்தவன் நான். வா என்று எழுதினால் நீ மாட்டேன் என்றுவிடுவாயோ என்று பயம். சரி என்றுவிடுவாயோ என்று அதைவிடப் பயம். இரண்டு பயமும் இப்போதும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மே விடுமுறைக்கு வா. அதுவரை கையெழுத்தைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். முடியாது என்றார்களானால் நான் கிளம்பி வந்துவிடுகிறேன். எனக்கும் உன்னைத் தேடுகிறது, சங்கரி. நீ இல்லாமல் இங்கே இருக்க முடியவில்லை.

கணேஷ்ராம்