ஞாயிற்றுக்கிழமை அவள் யார் மடியில்?

என் அன்பு அண்ணாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பல் முளைக்கிறது. கழுத்துவரை எச்சில் வழியவிட்டு, மாற்றிய சட்டையையும் நனைத்து, கடைசியில் என் தோளையும் நனைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். நீ இருந்திருந்தால் "நம்ம கட்சி" என்று போனில் தட்டிக் காட்டியிருப்பாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காது குத்துகிறோம். கிள்ளானில், நம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குத் தாய்மாமன் என்று இருந்தது நீ ஒருவன்தான். உன் இடத்தில் சுரேஷ் உட்காரட்டும் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார்.

சுரேஷ்தான், பெரியம்மாவின் மகன். தீபாவளி விருந்தில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் தண்ணீர் வைத்துவிட்டு உனக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொண்டுவந்தானே, அவன். "ஹைஜீன் லா ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க." சிரித்துக்கொண்டே சொன்னான். நீயும் சிரித்தாய். சிரித்தபோது இன்னும் கொஞ்சம் வழிந்தது. அவன் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

இந்தக் கடிதத்தைப் பிறரும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அண்ணாவுக்கு வந்தது நரம்பு நோய். தசைகளை ஆளும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். மனசும் புத்தியும் அப்படியே இருக்கும். முதலில் பேச்சு குழறியது. கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை கவுண்டரில் நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்தவன், போனில் ஒரு கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பேசத் தொடங்கினான். பிறகு உமிழ்நீர் வழியத் தொடங்கியது. அத்தோடு நம் ஆட்கள் அவனை நோயாளி வரிசையிலிருந்து எடுத்து அசிங்கத்தின் வரிசையில் வைத்துவிட்டார்கள்.

புளி ஞாபகம் இருக்கிறதா, அண்ணே? "புளிப்பப் பாத்தா வாய் ஊறும். வீட்டுல புளியே இருக்கக்கூடாது" என்றார் பெரியம்மா. ஏதோ பெரிய வைத்தியம் கண்டுபிடித்ததுபோல எல்லாரும் தலையாட்டினார்கள். அன்றோடு ரசம் நின்றது. மீன் குழம்பு நின்றது. மாங்காய் ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. உன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் ஆசாம் போய்கூட, அந்தப் புளிப்புப் பழ வற்றல், குப்பைக்குப் போனது. சோறு மென்று விழுங்க உனக்கு இன்னும் தெம்பு இருந்த மாதங்கள் அவை. பருப்பும் சுரைக்காயும் தின்றே அவற்றைக் கழித்தாய். புளி இல்லாத அந்த வீட்டிலும் வழிவது நிற்கவில்லை.

அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அந்தப் பெண் நம்மிடம் சொன்னார். "இவருக்கு எச்சில் ஜாஸ்தியா சுரக்கல. உங்களுக்கும் எனக்கும் சுரக்கிற அளவுதான். நம்ம தெரியாமலே விழுங்கிக்கிட்டு இருக்கோம். இவரால விழுங்க முடியல, அவ்வளவுதான்." அம்மா அங்கேயே புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். நீ தட்டினாய்: "அப்ப ரசம்?"

அன்றே அம்மா புளி கரைத்தார். ஆனால் அதற்குள் தண்ணியாக எது குடித்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்ற நிலைக்கு நீ வந்துவிட்டாய். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி பஞ்சுக்குச்சியை ரசத்தில் நனைத்து, பிழிந்து, உன் நாக்கு நுனியில் தொட்டு வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். வெகுநேரம் திறக்கவில்லை. எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. எல்லார்மேலும்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை டாக்டர் சொன்னபடி நாக்குக்கடியில் விட்டோம். வழிவது குறைந்தது, ஆனால் வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சளி கெட்டியாகித் தொண்டையில் நின்றது. அதை உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின். அந்த நேரத்திலும் நீ தட்டினாய்: "ஒண்ணு வெள்ளம், இல்ல தண்ணி கட். நம்ம கிள்ளான் மாதிரியே." நான் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று நடந்ததை எப்படி மறப்பது? நீ கேட்டாய் என்று உன் மடியில் அவளைக் கிடத்தினேன். நீ குனிந்து பார்த்தாய். ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. பெரியம்மா பாய்ந்து வந்து பிடுங்கினார். "ஐயோ, எச்சி பட்டுடுச்சு! புள்ளயக் குளிப்பாட்டுங்க!" பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ மெதுவாகத் தட்டி, போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினாய். "தீர்த்தம் தெளிச்சேன் பெரியம்மா. தட்சணை வேணாம்." நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன். அதற்குப் பிறகு நீ அவளைக் கேட்கவேயில்லை. நான் கொடுத்தாலும் கையை விரிக்கவில்லை.

இன்று சாயங்காலம் பெரியம்மா காதுகுத்து விஷயம் பேச வந்தார். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினார். அவள் அவர் கன்னத்தைக் கவ்வி, தாடை முழுக்க வழியவிட்டாள். பெரியம்மா துடைக்கக்கூட இல்லை. "என் தங்கம், அமிர்தம்டி இது!"

என்னால் முடியவில்லை, அண்ணே.

"எச்சி பட்டுடுச்சு பெரியம்மா. போய்க் குளிங்க."

"என்னடி பேசுற? பச்சப் புள்ள அது!"

"அதுவும் விழுங்கத் தெரியாமதான் வடியவிடுது. அண்ணனுக்கும் அதேதான். அவனுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்பு?"

"படிச்ச திமிரு! செத்தவன இழுத்து நல்ல காரியத்தக் கெடுக்காத. சுரேஷ் லீவு போட்டாச்சு, மோதிரமும் வாங்கியாச்சு."

"மோதிரத்த அவனையே போட்டுக்கச் சொல்லுங்க."

பெரியம்மா செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அம்மா சோபாவில் உட்கார்ந்து, "யாரு மடியா இருந்தா என்னம்மா, சடங்கு நிக்கக்கூடாது லா" என்று கெஞ்சினார். என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உன் அண்ணன், உன் பிள்ள. நீ சொல்றதுதான்" என்றார். நல்லவர்தான். ஆனால் சொல்ல எனக்குத் துணிச்சல் வேண்டுமே.

வாய்விட்டு இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பாப்பா விழுங்கும்போதெல்லாம் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பல்லு முளைக்கிற புள்ளைங்க எல்லாம் இப்படித்தான்" என்று டாக்டர் சிரித்தார். சிரிக்கட்டும். நம் வீட்டில் இனி யாருக்கும் அது வராது என்று அவரால் சொல்ல முடியுமா? கேட்கப் பயந்து, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் கருநீலத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஈரம் வெளியே தெரியக்கூடாது என்று பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. எவ்வளவு துவைத்தும் ஓரத்தில் வெள்ளைத் தடம் போகவில்லை. இப்போது எனக்கு அது போகவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை என் மடியில் அந்தத் துண்டை விரித்து, அதன்மேல் பாப்பாவை உட்காரவைக்கப் போகிறேன். செத்தவன் துண்டு ஆகாது என்பார்கள். பொம்பளை மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதாவது என்பார்கள். சொல்லட்டும். அவள் அழுது வழியவிட்டால் அதிலேயே துடைப்பேன். வளர்ந்த பிறகு, அவள் நெற்றியில் முதல் தீர்த்தம் தெளித்தது அவள் மாமன் என்று சொல்வேன். இது சத்தியம்.

இதையெல்லாம் எழுதிவிட்டேனே தவிர, அம்மாவின் முகத்தைப் பார்த்தால் விட்டுக்கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் உனக்கு மெசேஜ் அனுப்பினால், நீ தட்டிக்கொண்டிருக்கிறாய் என்று போன் வெகுநேரம் காட்டும். நான் சமையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒற்றைவிரல், எழுத்து எழுத்தாக. ஆனால் எப்படியும் பதில் வந்துவிடும்.

இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துண்டை விரிக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு, அண்ணே.

உன் தங்கச்சி,
நீ தெளித்த தீர்த்தத்தைக் கழுவ விடாதவளாக இருந்திருக்க வேண்டியவள்