க்ளெனிஸ் வீட்டுச் சுவரில் நம் மரம்

ஈவ்ஷாம்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹெட்டிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேநீர்கூடப் போடாமல், இரவு உடைக்கு மேலே அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், ஆப்ரிகாட் மரத்தின் மேல் பனிக்காகப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கட்டினேன். பூக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நிம்மதியோடு இதை எழுத உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் டனீடனில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அன்னையர் ஞாயிறுக்கு நீ அனுப்பிய அட்டை மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது, ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். உலகின் தென்கோடியில் அங்கே இப்போது இலை உதிரத் தொடங்கியிருக்குமே, குளிர் முற்றுவதற்குள் நல்ல கனமான போர்வை ஒன்று வாங்கிக்கொள். போன வருஷம் மாதிரி கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்காதே.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா ஏணி ஏறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்த வசந்தத்தில் மரம் என் பொறுப்பு. அப்பா மாடி ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டுகிறார். "மேல, ராஸ், மேல! வலது மூலையை விட்டுட்ட பாரு! அது என்ன, மெத்தை விரிப்பா? மெதுவா எடு!" என்று தெருவுக்கே கேட்கிறது. "கீழ இறங்கி வந்தா உன் இன்னொரு காலையும் நானே உடைக்கிறேன்" என்று நானும் கத்தினேன். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, இத்தனை வருஷம் பாத்திரம் கழுவிக்கொண்டே தூரத்திலிருந்து பார்த்த மரத்தை இப்போதுதான் மூக்குக்கு நேரே பார்க்கிறேன், உன் அப்பா இவ்வளவு பொறுமைக்காரர் என்று இத்தனை நாள் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நட்ட குச்சியை முழங்கால் உயரத்தில் வெட்டி, இடமொன்று வலமொன்றாக இரண்டே கிளை விட்டு, அதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு விலாவாக விரித்து, இன்று சுவர் முழுக்க ஒரு விசிறி. கிளைகளைச் சுவர்க் கம்பியோடு பிணைக்கும் கட்டுகளையெல்லாம் வருஷா வருஷம் அவிழ்த்து, தளர்த்தி, மறுபடி கட்டியிருக்கிறார், பட்டையில் ஒரு கயிற்றுத் தழும்புகூட இல்லை. சுவரைப் பார்த்து முளைக்கும் தளிரை அரிசி அளவு இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிடுவாராம், பிறகு கத்தியே தேவைப்படாதாம். குளிர்காலத்தில் வெட்டினால் காயத்தில் நோய் புகுந்துவிடும், வெட்டுவதெல்லாம் கோடையில்தான். உன் பாசில் மாமா கிறிஸ்துமஸுக்கு வந்தவர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கத்தரியோடு கிளம்பியதும், அப்பா வான்கோழியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றதும் உனக்கு நினைவிருக்கும். அன்று சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. தேனீக்கள் இன்னும் சரியாக வரத் தொடங்கவில்லை என்பதால் கன்னத்துக்கு நிறம் பூச நீ வைத்திருந்து இங்கே விட்டுப்போன தூரிகையால் பூப்பூவாகத் தொட்டுத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறேன். திரும்பக் கேட்காதே, இனி அது மரத்துடையது.

போன வாரம் கடும் உறைபனி. ஊரில் இன்னொரு வீட்டில் ஆப்ரிகாட் வைத்திருக்கிறவர்களுக்குப் பூவெல்லாம் கருகிவிட்டது, நமக்கு ஒன்றுகூடப் போகவில்லை. விடிந்ததும் கையுறையைக் கழற்றிச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஆகா, என்ன அருமையான சுவர் என்று மெச்சிக்கொண்டேன். அது நம் சுவர் இல்லை, அடுத்த வீட்டு க்ளெனிஸின் சமையலறைச் சுவர் என்பதுகூட அப்போது என் நினைவில் இல்லை. அவர் கடலோரத்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த வாரம் பார்த்து அப்பா அந்தச் சுவரில் ஆணி அடித்துக் கம்பி இழுத்ததும், திரும்பி வந்த க்ளெனிஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டங்கன், என் வீடு ஓடிப் போயிடும்னு கட்டிப் போட்டுட்டியா?" என்று கேட்டதும், அதற்கு அப்பா வானிலையைப் பற்றிப் பேசியதும், அதன் பிறகு இரண்டு வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்காததும் உனக்கே தெரியும். கேட்காமல் செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது, சொல்லாததைக் கேட்கவும் கூடாது, நம் ஆட்களின் மரியாதை அப்படி. வருஷா வருஷம் ஒரு கிண்ணம் பழம் போகும், கிண்ணம் கழுவித் திரும்பி வரும், அவ்வளவுதான்.

இப்போது அவருடைய வரிசை வீடுகளுக்கெல்லாம் வெளிச்சுவரில் குளிர் புகாதபடி தடித்த பலகை ஒட்டிப் பூசுகிறார்கள். இலையுதிர் காலம் வரை ஆட்கள் தெருவில் இருப்பார்கள், அப்புறம் வேறு ஊருக்குப் போய்விடுவார்களாம். செவ்வாய்க்கிழமை ஒரு வேலையாள் வேலியில் சாய்ந்துகொண்டு, "இதுதானா அந்த மரம்? இதைத் தொட்டா எங்களைத் தொலைச்சிடுவேன்னு சொல்லிட்டாங்க அந்தம்மா. மத்த சுவரெல்லாம் பூசிட்டோம், இந்தப் பக்கம் மட்டும் வெறும் செங்கல்தான்" என்றான். ஜனவரியில் நெஞ்சுச் சளி முற்றி க்ளெனிஸ் மருத்துவமனையில் கிடந்ததை உனக்கு எழுதியிருந்தேன்.

உடனே போய்க் கதவைத் தட்டினேன். கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வெளியே கிளம்புகிறீர்களா என்று கேட்டால், "இல்ல கண்ணு, உள்ளதான் இருக்கேன். இந்த ரூமுக்கு இதுதான் யூனிஃபார்ம்" என்கிறார். அடுப்பு நாள் முழுக்க எரிகிறது, அறை மட்டும் சூடாவதில்லை. அந்தச் சூடு எங்கே போகிறது என்று எனக்கல்லவா தெரியும், என் உள்ளங்கையில் பட்டதே அதுதானே. ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பழம் அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன். "அந்தப் பழமா! வாயில வைக்க மாட்டேன். எல்லாம் என் தங்கச்சி வீட்டுக்குத்தான் போகுது" என்றார். அந்தச் சுவரில் ஜன்னலும் இல்லை, அவர் மரத்தைப் பார்ப்பதும் இல்லை. பிறகு எதற்கு என்றதும் அந்தச் சுவரில் காற்று வர விட்டிருக்கும் துவாரத்தைக் கத்தியால் சுட்டிக் காட்டினார். "உன் வீட்டுக்காரன் காலையில வந்து மரத்துகிட்ட பேசுவான், அது இந்த வழியா வரும். உன் பொண்ணு வீடு மாறினது, அந்த மீசைக்காரப் பையன் சரியில்லைன்னு விட்டது, போன்ல குரல் கம்மியிருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அவ போன பிறகு அவன் வேற யார்கிட்டயும் இப்படிப் பேசுறதா எனக்குத் தெரியல. அந்த வாயை நான் எப்படிம்மா அடைக்கிறது?" என்று சொல்லி இருமினார், இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. இதை அப்பாவிடம் சொன்னால் காய் வெட்டும் பலகை என் தலையில் விழும் என்று மிரட்டி அனுப்பினார்.

ஹெட்டி, உன் அப்பா என்னிடம் "பொண்ணு நல்லாத்தான் இருக்கா" என்பதற்கு மேல் பேசியதில்லை, அதைவிட அதிகமாக அந்த மரம் கேட்டிருக்கிறது, அடுத்த வீட்டு மனுஷி கேட்டிருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தத் தொப்பிதான் கண் முன்னால் நிற்கிறது. பிடிக்காத பழத்துக்காக, பார்க்க முடியாத பூவுக்காக, தனக்கு வேண்டிய சூட்டை ஒரு மனுஷி சுவர் வழியே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அதைப் பெரிதாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இந்தத் தெருவில் இவ்வளவு வருஷமாக இருக்கிறேன், அவரை வாய்த்துடுக்குக்காரி என்று மட்டுமே நினைத்திருந்தேன். முதிர்ந்த கிளைகள் இனி வளையாது, மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் பிழைக்காது, நம் சொந்தச் சுவருக்கோ வெயிலே கிடையாது. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வேறு யாருக்கும் இன்னும் தெரியாது, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஜூலையில் பழம் பறித்து முடிந்ததும் இந்த மரத்தை வெட்டிவிடப் போகிறேன், ஆட்கள் ஊரை விட்டுப் போவதற்குள் அந்தச் சுவரைப் பூசிவிடட்டும். அப்பாவிடம் நானே உட்கார்ந்து நேராகச் சொல்கிறேன், அதுவரை நீ தொலைபேசியில் வாயைத் திறக்காதே. போர்வையை மறக்காதே. நீ நீண்ட நாள் சுகமாக, உன்னை மதிக்கிற மனிதர்களுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பா உன்னைப் பற்றிய சேதிகளையெல்லாம் இனி க்ளெனிஸின் சமையலறைக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

என்றும் உன் அன்புள்ள
அம்மா