நான் கேட்டது ஒரு வெற்றி

பில்லிங்ஸ்லி, மிசூரி
1996 மே 20

அன்புள்ள ஆர்லிஸ் அக்காவுக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். உன் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் இருபத்து மூன்று ஆட்டம் ஜெயித்திருக்கும்போது உனக்கு என்ன குறை? விசாரிக்கப்பட வேண்டியவன் நான். நான் கோச்சாக இருக்கும் பெண்கள் ஜெயித்தது நாலே ஆட்டம். அதிலும் ஒன்று, எதிரணியின் பஸ் பனியில் மாட்டிக்கொண்டு பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் வந்து இறங்கியதால் கிடைத்தது.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் ஏதாவது கேட்டால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

எங்கள் லீகுக்குள் ஆடும் ஆட்டங்கள் தானாக வந்துவிடும். லீகுக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? பெரிய பல்கலைக்கழகங்கள் என்னை ஆசையாகக் கூப்பிடுகின்றன. அவர்கள் ஊருக்குப் போய் உதை வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு செக்கையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கள் ஊருக்கு வர மட்டும் ஒருத்தருக்கும் மனசில்லை. போன வாரம் எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவர் ராய்ஸ், "இந்த ஊர்ல உங்க டீமை யாருமே பாத்ததில்லையே கர்ட், அப்புறம் எதுக்கு டீம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை உன் அணியை இங்கே கூட்டி வருவாயா? தோற்கத்தான் போகிறோம். ஒரு நல்ல அணியிடம், எங்கள் ஊர் ஜிம்மில், எங்கள் ஆட்கள் பார்க்கத் தோற்கிறோமே, அது போதும்.

உன் தம்பி,
கர்ட்


லோன்ட்ரீ, அயோவா
1996 ஜூன் 9

தம்பி கர்ட்டுக்கு,

கிழிக்கவில்லை.

டிசம்பர் ஏழாம் தேதி காலியாக இருக்கிறது. ஏன் காலி என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். உன்னோடு ஆடக் காசு கொடுக்கிற பெரிய அணிகள் என் போனையே எடுப்பதில்லை. அந்தக் கோச்சுகளில் ஒரு அம்மாள் மட்டும் வெளிப்படையாகச் சொன்னாள்: "உங்கள ஜெயிச்சா எங்களுக்கு ஒரு பேரும் இல்ல ஆர்லிஸ். தோத்தா மானம் போயிரும். எதுக்கு வம்பு?" நீ மோசமாக ஆடுவதால் உன் ஊருக்கு வரமாட்டேன் என்கிறார்கள். நான் நன்றாக ஆடுவதால் என் ஊருக்கு வரமாட்டேன் என்கிறார்கள். நம் அப்பா பெற்ற பிள்ளைகள் இரண்டும் இப்படி.

என் உதவிக் கோச் பெவ்வுக்கு இதில் இஷ்டமே இல்லை. "தம்பிப் பாசத்துக்கு ஒரு மேட்ச்சா? கணக்குப் பாத்தீங்களா?" என்று கத்தினாள். அவள் கத்துவதிலும் நியாயம் இருக்கிறது. தேசியப் போட்டிக்கு அணிகளைப் பொறுக்கி எடுக்கிற குழு வைத்திருக்கும் கணக்கில், நாம் ஜெயிப்பதற்குக் கால் பங்கு மதிப்புதான். நாம் யாரோடு ஆடினோமோ அவர்கள் ஜெயிப்பதற்கு அரைப் பங்கு. அவர்கள் யாரோடு ஆடினார்களோ அவர்களுக்கு மீதிக் கால். ஆக, நோஞ்சானை அடித்தால் நாமும் நோஞ்சான் ஆகிவிடுவோம்.

எந்த லீகிலும் கடைசிப் போட்டியை ஜெயிக்கிற ஒரே அணிக்குத்தான் தேசியப் போட்டியில் நேரடி இடம். அன்றைக்கு ஒரு நாள் கை வழுக்கினால், குழு பார்த்து இரங்கிக் கொடுத்தால்தான் உண்டு. இந்தக் கல்லூரிப் பெண்கள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. டார்லாவையும் சேர்த்து ஐந்து பேருக்கு இது கடைசி வருஷம். இந்த ஐந்து பேரை அங்கே கொண்டுபோய் நிறுத்தாமல் எனக்குத் தூக்கம் வராது.

அதனால் பேச்சு இதுதான். டிசம்பர் ஏழாம் தேதி எங்களிடம் தோற்றுவிடு. அதற்குப் பிறகு ஒருத்தரிடமும் தோற்காதே.

உன் அக்கா,
ஆர்லிஸ்


பில்லிங்ஸ்லி
1996 டிசம்பர் 10

அன்புள்ள அக்கா,

பேச்சில் முதல் பாதியைக் காப்பாற்றிவிட்டேன். நாற்பத்தொரு புள்ளியில் தோற்பேன் என்று நானே நினைக்கவில்லை. கடைசிப் பத்து நிமிஷம் நீ சின்னப் பெண்களை இறக்கினாய். அவர்களும் எங்களை விடவில்லை.

ஆனால் ஜிம்மைப் பார்த்தாயா? நிற்க இடமில்லை. சர்ச் பெண்கள் கொண்டுவந்த சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இடைவேளைக்குள் காலி. டார்லா தூரத்திலிருந்து மூன்றாவது பந்தைப் போட்டபோது எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எதிரணிக்குக் கை தட்டுகிறார்களே என்று நான் திரும்பினால், பன்றிப் பண்ணை வைத்திருக்கும் லைல், "கர்ட், தப்பா எடுத்துக்காத. உங்க அக்காவையே இங்க வேலைக்கு வெச்சிருக்கலாம்" என்றார். ராய்ஸ்கூட இந்தத் தடவை வேறு மாதிரி சிரித்தார்.

என் பெண்கள் உன் அணியைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கர்ட்


லோன்ட்ரீ
1997 ஜனவரி 14

டேய் கர்ட்,

நன்றி இருக்கட்டும். நான் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை ஜெயிப்பதற்கு முன்னால் நாங்கள் முப்பத்து மூன்றாவது இடத்தில் இருந்தோம். அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருக்கிறேன். குழுவின் கணக்குப்படி இன்று வந்த பட்டியலில் நாற்பத்து ஏழு! பெவ் தாளை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை. ஜெயித்ததற்கு அபராதம் போடுகிற ஊர் இது ஒன்றுதான்.

காரணம் நீ. என்னிடம் தோற்றது சரி, ஊரிலுள்ள எல்லோரிடமுமா தோற்பாய்? நீ தோற்கிற ஒவ்வொரு தடவையும் இங்கே என் பெண்கள் ஒரு படி இறங்குகிறார்கள். வியாழக்கிழமை உன் ஆட்டத்தின் முடிவைப் பேப்பரில் பார்த்துவிட்டு டார்லா, "கோச், உங்க தம்பிக்கு நம்மமேல என்ன கோவம்?" என்று கேட்கிறாள்.

சரி, கை கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. இத்துடன் உன் அடுத்த இரண்டு எதிரணிகளின் டேப்புகளும் குறிப்புகளும் இருக்கின்றன. செவ்வாய்தோறும் பிராக்டிஸ் முடிந்ததும் பெவ்வும் டார்லாவும் இன்னும் நாலு பெண்களும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து உன் லீகைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிக்கிறார்கள். எவள் எந்தக் கையால் போடுவாள், எவளுக்கு மூச்சு வாங்கும், எல்லாம் எழுதியிருக்கிறது. படி. படித்துவிட்டு ஜெயி.

உன் அக்கா,
ஆர்லிஸ்


பில்லிங்ஸ்லி
1997 பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நாங்கள் மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டோம்! உன் குறிப்புகளை அப்படியே பலகையில் எழுதிப் போட்டேன். "மூணாம் நம்பருக்கு இடைவேளைக்கு அப்புறம் கால் இழுக்கும்" என்று எழுதியிருந்தாயே, இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிஷம் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் நோலா பயந்தே போய்விட்டாள். "கோச், உங்க அக்கா மனுஷிதானா?" என்றாள். உனக்கு இங்கே தபால் கோச் என்று பெயர்.

அடுத்த வாரம் எங்கள் லீக் போட்டி. எட்டு அணிகளில் நாங்கள் ஏழாவது. வியாழன் ஒரு ஆட்டம், பிழைத்தால் வெள்ளி ஒன்று, அதிலும் பிழைத்தால் சனிக்கிழமை இறுதி ஆட்டம், அநேகமாகக் காலோவே கல்லூரியோடு. லீகில் இந்த வருஷம் ஒருத்தரிடமும் தோற்காத அணி. சிரிக்காதே, காலோவே பற்றி ஏதாவது வைத்திருந்தால் அதையும் அனுப்பு. கையில் இருந்தால் தெம்பாக இருக்கும்.

கர்ட்


லோன்ட்ரீ
1997 மார்ச் 1

தம்பிக்கு,

மூன்று ஜெயித்ததற்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. நாங்கள் நாற்பதாவது இடத்துக்கு ஏறிவிட்டோம். பெவ் என்னோடு மறுபடி பேசுகிறாள்.

நீ சனிக்கிழமை வரைக்கும் போகப்போவதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. வியாழக்கிழமை ஒரு வெற்றி கொடு, போதும். என் கணக்குக்கு அது ஒன்று இருந்தால் பயமில்லை. எங்கள் லீகில் நாங்கள்தான் முதலிடம், சனிக்கிழமை எங்கள் இறுதி ஆட்டத்தை ஜெயித்துவிட்டால் கணக்கே வேண்டாம்.

கேட்டாயே என்று காலோவே குறிப்பும் வைத்திருக்கிறேன். அவர்களுடைய அந்த உயரமான பெண் இடது பக்கம் மட்டும்தான் திரும்புவாள். வலது பக்கம் திரும்பவே தெரியாது. ஒரு சீசன் முழுக்க இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. டேப்பை நாலு தடவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவள் டார்லா. இடது பக்கத்தை அடைத்துவிட்டு நின்றால் அவள் கை ஒடிந்த மாதிரிதான். உனக்கு எதற்கு இது, இருந்தாலும் வைத்துக்கொள்.

உன் அக்கா,
ஆர்லிஸ்


பில்லிங்ஸ்லி
1997 மார்ச் 9, ஞாயிறு

அக்கா,

ஏழு தடவையாவது போன் செய்திருப்பேன். நீ எடுக்கவில்லை.

நடந்தது இன்னும் என் மண்டையில் ஏறவில்லை. வியாழன் ஜெயித்தோம், வெள்ளி ஜெயித்தோம், நேற்று மத்தியானம் காலோவேயையும் ஜெயித்தோம். நோலா இடது பக்கத்தை அடைத்துவிட்டு நின்றாள், அந்தப் பெண் ஆட்டம் முழுக்க ஆறு புள்ளிதான் போட்டாள். நேரடி இடம் எங்களுக்கு. எட்டு ஆட்டம் ஜெயித்து இருபதுக்கு மேல் தோற்ற அணிக்கு! என்னை யாராவது எழுப்புவார்கள் என்று காத்திருந்தேன்.

இன்று ஊரே ஜிம்மில் கூடி, தேசியப் போட்டிக்கு எடுத்த அணிகளின் பட்டியலை டிவியில் பார்த்தது. எங்கள் பெயர் வந்ததும் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நான் லோன்ட்ரீக்காகக் காத்திருந்தேன். நேற்று ராத்திரி நீ ஒரு புள்ளியில் தோற்றாய் என்று தெரியும், ஆனால் இருபத்தாறு வெற்றி இருக்கிறதே, எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கடைசியில் காலோவே பெயர் வந்தது. அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. பக்கத்தில் எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, நான் டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா, நான் உன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டேனா? நீ சொன்னதைத்தானே செய்தேன்? வருகிற சனிக்கிழமை நாங்கள் ஆடுகிறோம். வந்து எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காரு. உன் பெண்களையும் கூட்டி வா. வருகிறேன் என்று ஒரு வரி போடு.

உன் தம்பி,
கர்ட்


லோன்ட்ரீ
1997 மார்ச் 11

கர்ட்டுக்கு,

நீ அவசரத் தபாலில் அனுப்பியது இன்று காலை வந்தது. போன் மணி அடித்ததெல்லாம் கேட்டது. எடுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டல் வரவேற்பறையில் நீ ஜெயித்த செய்தி கிடைத்தது. நான் பெவ்வைத் தூக்கிச் சுற்றினேன், இந்த வயதில். கீழே இறக்கிவிட்டதும் அவள் முகம் வெளுத்திருந்தது. "கோச், காலோவே தோத்துட்டாங்க. நேரடி இடம் அவங்களுக்குப் போச்சு. குழு அவங்களுக்கு வேற இடம் தரும். நம்ம இடத்துலதான் கை வைப்பாங்க" என்றாள். "ராத்திரி நாம ஜெயிச்சா எவ எங்க போனா நமக்கென்ன?" என்றேன். ராத்திரி நாங்கள் ஜெயிக்கவில்லை.

நேற்றுக் காலை குழுவிலிருந்து ஒருவர் மரியாதைக்குப் போன் செய்தார். "கடைசி இடத்துக்கு நீங்களும் காலோவேயும்தான் இருந்தீங்க மேடம். லீகுக்கு வெளிய நீங்க ஆடினவங்க கொஞ்சம் பலவீனம்" என்றார். யார் பலவீனம் என்று கேட்டேன். "இப்ப பில்லிங்ஸ்லியையே எடுத்துக்குங்க..." என்றார். "அந்த பில்லிங்ஸ்லி உங்க பட்டியல்ல இருக்காங்களே ஐயா!" என்று கத்திவிட்டேன். அவர் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்க ஜெயிச்சு வந்தவங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். ஜெயித்து வந்தவர்களாம். ஜெயிக்க வைத்தது யார்?

நேற்று மத்தியானம் பிராக்டிஸ் கிடையாது. இருந்தும் அந்த ஐந்து பேரும் ஆட்ட உடையில் வந்து நின்றார்கள். வேறு எங்கே போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. குழு சொன்னதை மறைக்காமல் சொன்னேன். டார்லா கேட்டாள்: "அந்த இடது பக்கம்... நான் கண்டுபிடிச்சதுதானே கோச்?"

"ஆமா" என்றேன்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்" என்று சிரித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். பதினேழு வருஷமாகக் கோச் வேலை பார்க்கிறவள் நான், அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அதனால்தான் இன்னும் அதிகமாக இருக்கிறது. நான் கேட்டது ஒரு வெற்றி. நீ கொடுத்தது மூன்று. சனிக்கிழமை நீ ஜெயிக்க வேண்டும் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. சொந்தத் தம்பி தோற்க வேண்டும் என்று நினைக்கிறவளாகிவிட்டேனே என்று எனக்கே என்னைப் பார்த்தால் திக்கென்றிருக்கிறது.

நான் வரவில்லை. என்னைக் கூப்பிடாதே.

டார்லா வருகிறாள். தேசியப் போட்டி நடக்கும் அந்த அரங்கத்தை உள்ளேயிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தனியாகக் கிளம்புகிறாள். உன் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வை. பெண்கள் ஆட்டத்துக்கு முன்னால் பந்து போட்டுப் பழகும்போது அவளையும் இரண்டு பந்து போடச் சொல்.

ஆர்லிஸ்